விருப்ப வரிசை

கைபேசியில் 'அப்பா' என்ற பெயரைத் தொட்ட பிறகுதான் பெரியவளுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. அதற்குள் அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. நான்காவது மணியில் எடுத்தார்கள்.

"சொல்லும்மா," என்றார் சித்தப்பா.

அன்று விடிந்தும் விடியாததுமாக, இரவு வேலை முடிந்து இறங்கும்போது, அட்டை ஆலையின் பாய்லர் அறைப் படிக்கட்டில் அப்பா உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. உடலை வாங்கிவரப் போன சித்தப்பா, தகவல் சொல்ல வேண்டியவர்களின் நம்பரெல்லாம் இதில்தானே இருக்கிறது என்று அண்ணனின் கைபேசியையும் கையோடு கொண்டு போயிருந்தார்.

"சித்தப்பா, அந்த போனுக்கு இப்ப ஒரு மெசேஜ் வந்திருக்கும். ஆறு நம்பர். படிச்சுச் சொல்லுங்க. மூணு நிமிஷம்தான், அப்புறம் செல்லாது."

"இந்த நேரத்துல என்னம்மா நம்பர்?"

"சின்னவளோட காலேஜ் சீட்டு. அஞ்சு மணியோட மூடிடுவாங்க."

அந்தப் பக்கம் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் பை சரசரத்தது.

"என் கண்ணாடிய எடுத்துட்டு வரலம்மா. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. இரு, உங்கப்பாவோடது இந்தப் பையில இருக்கு. போட்டுக்கறேன்."

பெரியவள் விரலை விசைமேல் வைத்துக்கொண்டாள்.

"நாலு. சைபர். ஏழு... ஏழா, ஒண்ணா?"

"சித்தப்பா."

"ஏழுதான். ரெண்டு. ரெண்டு. ஒம்பது."

முப்பது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்தி, ஊரில் பாதிப் பேருக்கு 'மெதுவா, மெதுவா' என்று சொல்லிச் சொல்லி சித்தப்பாவுக்கே அது ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் கடைசி எண்ணை அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மறுபடி கேட்டு, மறுபடி படித்து, இரண்டாவது தடவை தளத்தின் கதவு திறந்தது.

"இதே ஆளுங்க நேத்தும் அனுப்பியிருக்காங்களே," என்றார் சித்தப்பா. "நேத்து சாயங்காலம் நாலு மெசேஜ் வந்திருக்கு. சரி, கவுண்டர்ல கூப்பிடறாங்க. நான் கிளம்பும்போது சொல்றேன்."

பின்னறையில் இஸ்திரி மேசைமேல் லேப்டாப் இருந்தது. சின்னவள் கீழே தரையில், சுவரில் முதுகை அழுத்தி உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து ஒரு பேனாவைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். ஸ்பிரிங், மூடி, ரீஃபில். மறுபடி ஸ்பிரிங்.

"விட்டுடுக்கா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் யார் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றது? எந்திரி."

படிப்புகளை விருப்பப்படி வரிசைப்படுத்தி, இன்று ஐந்து மணிக்குள் பூட்ட வேண்டும். உள்ளே போக ஒரு ஓடிபி, பூட்டுவதற்கு இன்னொன்று. விண்ணப்பத்தில் 'பெற்றோர் கைபேசி எண்' என்ற கட்டத்தில் அப்பாவின் எண்ணை நிரப்பியவள் பெரியவள்தான். அப்போது அது சாதாரணக் கட்டம்.

முந்தாநாள்தான் சண்டை. அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, அவர் போனை எடுத்து, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கைக் கீழே தள்ளிவிட்டு இன்ஜினியரிங் டெக்னாலஜியை முதலிடத்தில் வைத்திருந்தாள் சின்னவள். ஈரத்தலையோடு வந்தவர் மெசேஜைப் பார்த்துவிட்டார்.

"பேருக்குப் பின்னாடி வால் மாதிரி எதுக்கு அந்த டெக்னாலஜி? இன்ஜினியர்னா ஏசி ரூம்ல உக்காந்து படம் போடுவான். இதைப் படிச்சா என்னை மாதிரி மெஷின் பக்கத்துல நின்னு வேர்த்து வழியணும். நான் பட்டது போதாதா?"

"நீங்க நிக்கலன்னா ஆலையே ஓடாது. அப்புறம் அவன் எதுக்குப்பா படம் போடறான்?"

அப்பாவின் மீசை லேசாக அசைந்தது. சிரிக்கப் போகிறார் என்றுதான் பெரியவள் நினைத்தாள். துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நேற்று மாலை வேலைக்குக் கிளம்பும்போது சின்னவள் மாடியில் இருந்தாள். இறங்கி வரவில்லை.

அதைத்தான் இப்போது ஸ்பிரிங்கும் மூடியுமாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள்.

"திறந்துடுச்சு, பாரு," என்றாள் பெரியவள். "நேத்து அப்பா உள்ள போயிருக்கார்."

"தெரியும். மாத்தியிருப்பாரு. கம்ப்யூட்டர மேல ஏத்தியிருப்பாரு. அப்படியே இருக்கட்டும்க்கா. அவரு வெச்சதாவே இருக்கட்டும்."

பெரியவள் திரையை அவள் பக்கம் திருப்பினாள். சின்னவள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள் இருந்தன. எண்களுக்கு எதிரே ஒன்றும் இல்லை.

அந்தத் தளத்தில் ஒன்றை மேலே நகர்த்த வேண்டும் என்றால் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். அப்பா நீக்கியிருக்கிறார். சேர்க்கவில்லை.

"என்ன போட நினைச்சார்?" சின்னவள் காலி வரிகளின் மேல் விரலை ஓட்டினாள். "அக்கா, என்ன போட நினைச்சார்?"

அத்தை கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அழுது சிவந்த கண்கள், கையில் தண்ணீர்ச் செம்பு.

"வீட்டுக்கு ஆளுங்க வந்துட்டே இருக்காங்க, நீங்க ரெண்டு பேரும் இங்க கம்ப்யூட்டரத் தட்டிட்டு இருக்கீங்க. நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

"நாலு பேருக்கு அஞ்சு மணிக்கப்புறம் பதில் சொல்றேன், அத்தை."

அத்தைக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். காலையிலிருந்து நாலு வார்த்தை பேசாதவள், திரையை ஏறிட்டுப் பார்த்தாள்.

"நேத்து இங்கதான் உக்காந்திருந்தார்," என்றாள். "ஒத்தை விரல்ல தட்டிக்கிட்டு. வெளிய போவார், தண்ணி குடிப்பார், மறுபடி வந்து உக்காருவார். சாப்பாடு ஆறிப்போச்சு."

"ஏதாவது சொன்னாராம்மா?"

"கண்ணாடி எங்கன்னு கேட்டார். தலையிலதான் இருந்துச்சு."

அத்தை அம்மாவின் தோளைப் பிடித்துக் கூட்டிப் போனாள்.

நாலு மெசேஜ் என்றால் நாலு தடவை உள்ளே போயிருக்கிறார். பெரியவள் அதையே திருப்பித் திருப்பி எண்ணினாள். பாய்லரின் அழுத்தத்தை அரை மணிக்கு ஒருதரம் பதிவேட்டில் எழுதுகிறவர். இருபத்தாறு வருடத்தில் ஒரு கட்டத்தைக்கூடக் காலியாக விட்டதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை. கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்று அடிக்க ஒருதரம் போதுமே.

"நீ சொல்லுக்கா. உனக்குத்தான் அவரைத் தெரியும். என்ன நினைச்சார்?"

சொல்லிவிடலாம். உன் இஷ்டம்னு என்கிட்ட சொன்னார்டி என்று ஒரு பொய்யைச் சொன்னால் இந்தப் பெண் இன்று ராத்திரி கொஞ்சம் தூங்குவாள். கம்ப்யூட்டர்தான் போடச் சொன்னார் என்று வேறு பொய்யும் உண்டு. அதைச் சொன்னால் வாழ்நாள் முழுக்க நல்ல பிள்ளையாக இருப்பாள். இரண்டும் பெரியவளின் நாக்கு நுனி வரை வந்தன.

"தெரியலடி," என்றாள்.

"நீ என்ன போட்டிருப்ப?"

"நான் போட்டதுதான் உனக்குத் தெரியுமே. அவர் சொன்னதை."

"அதுக்கென்ன, நல்லாத்தானே இருக்க."

ஆலை வாசலில் நின்று 'பெரியவ இன்ஜினியர்' என்று அப்பா எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். அவள் ஒருநாளும் திருத்தியதில்லை. போன் கம்பெனியில் ஆறு வருடமாகப் புகார்ப் பிரிவு. காதில் ஹெட்போன், எதிரே திரை.

"ஒரு நாளைக்கு நூத்தி இருபது பேர்கிட்ட மன்னிக்கணும்னு சொல்றேன்," என்றாள் பெரியவள். "எதையும் நான் கெடுக்கல. எதையும் நான் சரி பண்ணினதும் இல்ல."

சின்னவள் அவளை உற்றுப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதல் வரியில் இன்ஜினியரிங் டெக்னாலஜி. இரண்டாவது வரிக்கு வந்ததும் விரல் நின்றது. பிறகு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் என்று அடித்தாள். மிச்ச ஏழு வரிகளையும் மளமளவென்று நிரப்பினாள்.

"பூட்டு," என்றாள் பெரியவள்.

மணி நான்கு நாற்பத்தெட்டு. இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தார் சித்தப்பா. பின்னால் வண்டியின் இரைச்சல்.

"வந்துட்டு இருக்கோம்மா. பாலம் தாண்டிட்டோம்."

"இன்னொரு நம்பர் வந்திருக்கும், சித்தப்பா. இந்தத் தடவை நிறுத்தாம படிங்க."

"வண்டி ஆடுது. அண்ணனை ஒரு கையால பிடிச்சிருக்கேன்." சற்று நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. "ம். எட்டு ஒண்ணு ஒண்ணு அஞ்சு மூணு ஆறு. சரியா?"

"சரி, சித்தப்பா."

"கிடைச்சிடுமா அவளுக்கு?"

"மார்க் இருக்கு. கிடைக்கும்."

"எது போட்டா?"

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். அவள் 'பூட்டப்பட்டது' என்று திரையில் விழுந்த பச்சை வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வாங்க, சொல்றேன்."

வண்டி வந்து நின்றபோது வாசலில் கூட்டம் விலகியது. அப்பாவைக் கிடத்திய தூக்குக் கட்டிலோடு நான்கு பேர் படியேறினார்கள். முன்னால் பிடித்தவர்கள் நடைக்குள் நுழைந்துவிட்டார்கள். பின்னால் திருப்ப முடியவில்லை. கதவு பாதிக்குமேல் திறக்காமல் செருப்பு அலமாரியில் இடித்தது. ஒருவர் சாய்க்கச் சொன்னார். ஒருவர் சாய்க்காதே என்றார். ரிவர்ஸ் எடுங்க, ரிவர்ஸ் எடுங்க என்றார் சித்தப்பா. அம்மா சுவரோரம் நின்று, கட்டில் ஆடும்போதெல்லாம் கையை நீட்டினாள்.

"ஒரு நிமிஷம் அப்படியே பிடிங்க," என்று சின்னவள் குரல் கேட்டது.

சுத்தியலும் ஸ்குரூ டிரைவருமாக வந்தாள். மண்டியிட்டுக் கதவின் கீழ்க் கீலின் ஆணியைக் கீழிருந்து இரண்டு தட்டுத் தட்டினாள், வெளியே வந்தது. நடுக் கீல். மேல் கீலுக்கு எட்டாமல் அலமாரிமேல் ஒரு காலை ஊன்றி ஏறினாள். சித்தப்பா அண்ணனின் கண்ணாடியை நெற்றிமேல் தள்ளிவிட்டு, "கைய நசுக்கிக்காதம்மா," என்று மட்டும் சொன்னார்.

"அக்கா, பிடிச்சுக்கோ."

மூன்றாவது ஆணியும் உருவியதும் கதவு முழுப் பாரத்தோடு பெரியவளின் கைகளில் சாய்ந்தது. நினைத்ததைவிடக் கனம். அவள் அதை நெஞ்சோடு அணைத்து இழுத்து, நடையைவிட்டு ஒதுங்கினாள். அவர்கள் அப்பாவை நேராக உள்ளே கொண்டு போனார்கள். கூட்டமும் பின்னாலேயே போனது.

சின்னவள் கீழே கிடந்த மூன்று ஆணிகளையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெரியவள் அந்தக் கதவைப் பிடித்தபடி வாசலில் நின்றாள், எங்கே சாய்ப்பது என்று பார்த்துக்கொண்டு.