கரைக்கு மண் எடுக்கும் இடம்

கம்ப்யூட்டர் விளையாட்டில் முதன்முதலாக வாய்க்கால் தண்ணீர் ஏறிய அன்றைக்கே கலியன் பாஸ்கலின் காலரைப் பிடித்துவிட்டான். திரையில் பாஸ்கலின் சிவப்புச் சட்டை ஆள் குனிந்து, கலியனின் வடகரையில் ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்துத் தன் தென்கரையில் வைத்திருந்தான். வடகரை உடைந்து, நீலப் புள்ளிகள் வயலுக்குள் பாய்ந்தன.

"இன்னாடா பண்ற?"

"விளையாடறேன்."

"இதுவாடா விளையாட்டு?" என்று கேட்டுவிட்டு, கலியன் ஒன்று வைத்தான். பாஸ்கலின் உதடு கிழிந்தது. சேர்ந்து விளையாடும் விளையாட்டின் முதல் பரிசோதனை இவ்வாறு இனிதே நிறைவுற்றது.

பாலிடெக்னிக்கில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர், அதற்குத் திரையாக ஒரே கலர் டி.வி. மற்ற குழுக்களெல்லாம் விமானத்தைச் சுடும் விளையாட்டு செய்தபோது, மரியதாஸ் சார் இவர்களுக்கு மட்டும் வேறு மாதிரி கொடுத்தார். இரண்டு பேர் ஆட வேண்டும், ஜெயித்தால் இரண்டு பேரும், தோற்றால் இரண்டு பேரும். பாகூர் பக்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிற பையன்கள், ஒற்றுமையாக இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. ஒருவன் முன்படியிலும் ஒருவன் பின்படியிலும் தொங்கி வருவதை அவர் கவனிக்கவில்லை.

இருவர் ஊருக்கும் நடுவே ஒரு வாய்க்கால். இரண்டு கரையிலும் மாதாவும் உண்டு, மாரியம்மனும் உண்டு. அவர்களால் சண்டை வந்ததில்லை. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வாய்க்கால் தளும்பினால், ஒரு கரை உடைந்தால்தான் மறு கரை பிழைக்கும். அதனால் புயல் அறிவிப்பு கேட்டதும் இரு கரையிலும் ஆட்கள் மண்வெட்டியோடு காவலுக்கு நிற்பார்கள். போன புயலில் பாஸ்கலின் சித்தப்பா தனிஸ்லாஸின் மண்வெட்டி கலியனின் அண்ணன் பக்கிரியின் வலது தோளில் இறங்கியது. கை போகவில்லை, கூடவே இருக்கிறது. வேலைக்கு மட்டும் வருவதில்லை. தனிஸ்லாஸ் ஜெயிலுக்குப் போய், ஒரு சுற்றுப் பெருத்துத் திரும்பினார்.

அதுவரை பாஸ்கலும் கலியனும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். அதற்குப் பிறகு கலியன் பேசியது இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் மட்டும்தான். விளையாட்டு முடிந்தால் அந்தப் பேச்சும் முடியும் என்று பாஸ்கலுக்குத் தெரியும். அதனால் காலரைப் பிடிக்கக் கொடுத்தான். அடிக்கிற நேரத்திலாவது ஆள் பக்கத்தில் இருக்கிறான்.

விளையாட்டுக்குப் படம் வரைந்தது குழுவின் மூன்றாவது ஆள், மூலக்குளத்துச் சாரதா. பாஸ்கலின் உதட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏம்பா, கரைக்கு மண்ணு எதுத்த கரையிலருந்துதான் எடுக்கணுமா? ஓரமா ஒரு மண்மேடு வெச்சா இன்னா?"

"மண்மேடா?" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

தண்ணீரின் வேகத்துக்குச் சண்டை போட்டிருந்தார்கள், சட்டையின் நிறத்துக்குச் சண்டை போட்டிருந்தார்கள். மண் எங்கிருந்து வரும் என்பதில் மட்டும் இருவருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

சாரதா மண்மேடு வரைந்தாள். எதிர்க்கரையில் வெட்டுகிற பழைய வழியை மட்டும் கலியன் அழிக்க விடவில்லை. "அத எடுத்துட்டா அது வாய்க்காலே இல்ல."

"இருக்கட்டும். மேடு இருக்கறப்போ எவன் அங்க போயி வெட்டப் போறான்?" என்றான் பாஸ்கல்.

கொம்யூன் பஞ்சாயத்துப் பொருட்காட்சியில் கீற்றுப் பந்தலின் கோடியில் இவர்கள் மேசை. இரண்டு ஊரும் வந்திருந்தன. பாஸ்கல் யாரிடமும் சொல்லாமல் ஆசைப்பட்டது நடந்தது. தனிஸ்லாஸ் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார, பக்கத்து ஸ்டூலில் பக்கிரி உட்கார்ந்தான்.

தனிஸ்லாஸ் மேட்டில் மண் எடுத்துத் தன் கரையில் வைத்தார். பக்கிரி இடது கையால் ஒவ்வொரு பட்டனாகத் தேடி அழுத்தி, தன் கரையில் வைத்தான். தண்ணீர் ஏறியது, இரண்டு கரையும் நின்றன. தனிஸ்லாஸ் ஒரு கட்டி மண்ணைக் கொண்டுபோய் வடகரையின் பள்ளத்தில் வைத்தார். பக்கிரி திரும்பி அவரைப் பார்த்தான். கலியன் பாஸ்கலின் முதுகில் தட்டினான். வலிக்காமல்.

பிறகு பக்கிரியின் விரல் ஒரு பட்டன் தள்ளி விழுந்தது. வழுக்கியதா, அழுத்தினானா, அது அவனுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். அவன் ஆள் வாய்க்காலைத் தாண்டிப் போய்த் தென்கரையில் ஒரு கட்டியைப் பெயர்த்தான். சிவப்புச் சட்டைக்காரனின் வயல் நீலமாயிற்று.

"ஒத்தக் கையாலயே வெட்டிட்டான்யா," என்று கூட்டத்தில் எவனோ சிரித்தான்.

தனிஸ்லாஸ் எழுந்தார். ஸ்டூலின் காலைப் பிடித்துத் தூக்கி, பக்கிரியின் வாயில் அடித்தார். கீபோர்டில் ரத்தம் தெறித்தது. கூடவே ஒரு பல் வந்து விழுந்தது. வடகரைக்காரர்கள் பந்தல் மூங்கிலை உருவினார்கள். தென்கரைக்காரர்கள் அடுத்த கடையின் கரும்பை எடுத்தார்கள், கரும்பு முறிந்ததும் செங்கல்லை எடுத்தார்கள். ஒருவன் காது தொங்க ஓடினான். மரியதாஸ் சார் "சைலன்ஸ்" என்று சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் போய்விட்டார்.

மேசையின் கால் முறிந்தது. சரிந்த டி.வி.யைக் கலியன் நெஞ்சில் வாங்கினான். ஒரு ஆள் தாங்குகிற கனம் இல்லை. பாஸ்கல் ஓடிப்போய் மறுபக்கம் பிடித்தான். இப்போது நாலு கையும் டி.வி.க்கு அடியில்.

கலியனின் முதுகுக்குப் பின்னால் தனிஸ்லாஸ் ஸ்டூலை ஓங்கிக்கொண்டு வந்தார். "பாஸ்கலு, கைய வுடுடா. அவன் காலு மேலயே வுழட்டும்."

பாஸ்கல் விடவில்லை. இடது பக்கம் நகர்ந்தான். அவன் நகர, கலியனும் நகர வேண்டியதாயிற்று, டி.வி. அரைவட்டம் திரும்பியது. ஓங்கிய ஸ்டூலுக்கு நேராக இப்போது பாஸ்கலின் முதுகு.

"வெலகுடா, நாயே," என்றார் சித்தப்பா. அவர் சுற்றிக்கொண்டு வந்தார். இவர்களும் சுற்றினார்கள்.

பாஸ்கலின் பிடரிக்குப் பின்னால் மூங்கில் காற்றை வெட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. கலியன் அவன் தோளுக்கு மேலாகப் பார்த்தான்; முகம் மாறியது.

"திரும்புடா," என்றான்.

"எந்தப் பக்கம்?"

"ஒன் சோத்துக் கைப் பக்கம். சீக்கிரம்."

திரும்பினார்கள். வடகரைக்காரனின் மூங்கில், தன் ஊர்க் கலியனின் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி வந்து நின்றது. டி.வி.யின் பிடுங்கப்படாத ஒயர் இருவர் கணுக்காலையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. ஸ்டூல் மறுபடி கலியனின் முதுகுப் பக்கமாக வந்தது. இருவரும் அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள், ஒயர் இன்னும் கொஞ்சம் இறுகியது.