மஹ்பூபா போட்ட படங்கள்

அஜ்மலிடம் எதையாவது நேராகச் சொன்னால், கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டி ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவான். ஷிஃப்ட் இல்லாத நாளிலும் கிளம்பிவிடுவான். மைன்ஸில் கன்வேயர் மெயின்டெனன்ஸ் பார்க்கிறவன். பெல்ட் எங்கே தேய்கிறது என்பது சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். மனுஷர்கள் பேசுவது மட்டும் பாதிதான் காதில் ஏறும். ஆனால் அதே அஜ்மல், டிவியில் முன்பின் தெரியாத ஒருத்திக்குக் கல்யாணம் நின்றுபோனால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வான். பெற்றவளுக்கு இது தெரியாதா? அதனால்தான் மஹ்பூபா படம் போட ஆரம்பித்தாள்.

அவள் மகனிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஐம்பத்து நாலு வயதில் அவள் மறுபடியும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள்.

மாப்பிள்ளை காடாம்புலியூர் மொய்னுதீன். முந்திரி வியாபாரம், பெண்டாட்டி இறந்து பல வருஷம் ஆகிறது. மஹ்பூபாவுக்கு டவுன்ஷிப் பஜாரில் ஒரு மேட்சிங் கடை இருக்கிறது. பிளவுஸ் பிட், லைனிங் துணி, ஃபால்ஸ் என்று எல்லாம் கிடைக்கும். புருஷன் மவுத்தான பிறகு அவளே நடத்துகிறாள். மகள் கல்யாணப் புடவைக்குப் பொருத்தமாகப் பிளவுஸ் துணி தேடி மொய்னுதீன் அங்கே வந்தார். தானே ஒரு கலரைத் தேர்ந்தெடுத்து எடுத்துப் போனார், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். மறுபடியும் அவரே எடுத்தார், மறுபடியும் திட்டு வாங்கினார். கடைசியில் மஹ்பூபா அவரை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டுத் தானே எடுத்துக் கொடுத்தாள். மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் அவர் புடவை, துணி எதுவும் இல்லாமல், ஒரு பை முந்திரிப்பருப்போடு கடை வாசலில் வந்து நின்றார்.

"ஒங்கள ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிக்கினே இருக்கேங்க. தப்புன்னு பட்டா இப்பவே சொல்லிடுங்க, பருப்ப வெச்சிட்டுப் போயிடறேன்" என்றார்.

மஹ்பூபா பருப்பையும் வைக்கச் சொன்னாள், விஷயத்தையும் கேட்கச் சொன்னாள். நிதானமாக யோசித்து, அடுத்த மாதம் சம்மதம் என்றாள். அவள் மனசுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். தன் கணக்குக்கு அது போதும் என்று நினைத்தாள்.

"அப்ப எங்க அக்காவ முறையா ஒங்க வூட்டுக்கு அனுப்பறேங்க. பலா சீசன் முடியணும். அதுக்கு முன்னாடி அக்கா தோப்ப வுட்டு நகராது."

ஆக, பலாப்பழம் தீர்வதற்குள் அஜ்மலின் காதில் இதை ஏற்றியாக வேண்டும். பெண் கேட்டு வருகிறவர்களின் வாயால் மகன் முதல்முதலாகக் கேள்விப்படுவது மஹ்பூபாவுக்குச் சம்மதமில்லை. ஏற்றியே தீருவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

ரிமோட்டில் இருக்கும் மைக்கை அழுத்திக்கொண்டு, "வயசானவங்க கல்யாணம் பண்ற படம்" என்று கேட்டாள். டிவி அவளுக்கு அறுபதாம் கல்யாண வீடியோக்களாக எடுத்துப் போட்டது. மாலையும் கழுத்துமாக ஜோடி ஜோடியாகச் சிரித்தார்கள். அவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கட்டிய ஆளையே திரும்பக் கட்டுகிறவர்கள், அதில் என்ன இருக்கிறது? நம்மூர்ப் படங்களைத் தேடினால் இந்த வயதுக்காரிகளுக்குக் கதையே இல்லை, சமையலறையில் நின்று அழுதுவிட்டுப் போகிறார்கள். மஹ்பூபா விடவில்லை. எழுத்துக் கூட்டி ஆங்கிலத்தில் தேடக் கற்றுக்கொண்டாள். உலகம் முழுக்க வயசானவர்கள் காதலித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அஜ்மலுக்கு என்றைக்கு ஆஃப் விழுகிறதோ அன்றைக்குச் சாயங்காலம் படம். கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை மருமகள் மிஸ்ரியா தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். பி.எட். முடித்த பெண், ஆண் குரல் பெண் குரல் எல்லாம் மாற்றி மாற்றிப் பேசுவாள்.

முதலில் ஈரான். முக்காடு போட்ட பெண்கள், தொழுகை, பாங்கு எல்லாம் இருக்கிற படத்தில் மகன் என்ன குற்றம் கண்டுபிடித்துவிட முடியும்? கம்பளத்துக்குக் கிழிசல் தைக்கிற விதவை ஒருத்தி. மாதுளைக் கன்றோடு அவள் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிற பெரியவர் ஒருவர். டீ குடிங்க என்றால் வேண்டாம் என்கிறார், மறுபடி கேட்டாலும் வேண்டாம் என்கிறார், அப்புறம் சர்க்கரைக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு உறிஞ்சிக் குடிக்கிறார். "நம்ம ஊர் மாதிரியே பிகு பண்றாங்க" என்று மஹ்பூபா சிரித்தாள். கடைசியில் கன்றை அவள் வீட்டு முற்றத்தில் நடுகிறார்கள். அஜ்மல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மஹ்பூபா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இதோ கேட்கப் போகிறான் என்று காத்திருந்தாள்.

"பாவம்மா அந்தம்மா. அவ்ளோ கம்மி வெளிச்சத்துல ஒக்காந்து தைக்குது" என்றான் அவன். மறுநாள் அவள் குர்ஆன் ஓதுகிற மூலையில் பளீரென்று ஒரு டியூப்லைட்டை மாட்டிவிட்டான்.

அடுத்தது ஜப்பான். நூடுல்ஸ் கடைக்காரியும் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கிறவரும். செருப்பைக் கழற்றி வாசலைப் பார்க்கத் திருப்பி வைப்பதும், குனிந்து குனிந்து வணக்கம் சொல்வதுமாக முக்கால்வாசிப் படம் போய்விட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை ஆசையாகப் பேசவில்லை. அவள் அவருக்குக் கிண்ணத்தில் டீ ஊற்றுகிறாள், அதுதான் அந்த ஊர்க் காதல் என்று மஹ்பூபாவுக்குப் புரிந்தது. அஜ்மல் அந்த வாரமே ஒரு எலக்ட்ரிக் கெட்டில் வாங்கிவந்தான்.

அர்ஜென்டினா படத்தில் நரைத்த தலைகள் எல்லாம் கட்டிப்பிடித்து ஆடின. அந்தக் காட்சிகளில் அஜ்மல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். மஹ்பூபாவுக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. ஆடி முடித்து முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் உட்காரும்போது மட்டும் அஜ்மல் திரும்பிப் பார்த்தான். நாலு நாளில் முட்டிக்குப் போடுகிற உறை ஒரு ஜோடி வந்து சேர்ந்தது.

நார்வேயில் ஒரு கிழவியும் கிழவரும் ஏரிக்கு இந்தக் கரையில் ஒருவர், அந்தக் கரையில் ஒருவர். கல்யாணம் பேசி முடிவான பிறகும் அவரவர் வீட்டிலேயே இருக்கிறார்கள், இரவானால் விளக்கை அணைத்து அணைத்து ஏற்றிச் சேதி சொல்லிக்கொள்கிறார்கள். என்ன ஊரோ, என்ன ஜனமோ என்று மஹ்பூபா வியந்தாள். அந்தக் கிழவி பனியில் வழுக்கி விழுகிற காட்சிதான் அஜ்மலுக்குப் பிடிபட்டது. மறுநாள் பாத்ரூமில் வழுக்காத ரப்பர் விரிப்பு வந்துவிட்டது.

நாலு தேசத்துக் காதலைப் பார்த்துவிட்டு ஒரு வீட்டுச் சாமான் கடையையே கொண்டுவந்து இறக்கிய பிள்ளையை என்ன செய்வது? கோபமும் வந்தது, பாசமும் வந்தது. சமையலறையில் கெட்டிலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மிஸ்ரியா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமி, அடுத்த வாரம் எந்த ஊர் மாப்பிள்ள?"

மஹ்பூபா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். மிஸ்ரியா சிரிக்கவில்லை. "அவருக்குப் புரியாது மாமி. அவரு ரிப்பேர மட்டும்தான் பாப்பாரு" என்று மெதுவாகச் சொன்னாள்.

அது சரிதான் என்று பட்டது. யோசித்துப் பார்த்தால் அந்த நாலு படத்திலும் பெற்ற மகன் என்று எவனும் இல்லை. இருந்திருந்தால் தன்னை எங்கே பார்த்துக்கொள்வது என்று அஜ்மலுக்குத் தெரிந்திருக்கும். இதற்குள் மொய்னுதீனும் போனில் சொல்லிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை அக்கா வருகிறது என்று. நடுவில் அஜ்மலுக்கு ஆஃப் ஒரே ஒரு நாள்தான். மஹ்பூபா தேடித் தேடி, மகன் இருக்கிற படமாகவே ஒன்றைப் பிடித்தாள்.

துருக்கிப் படம். ரொட்டிக் கடைக்காரரைக் கட்டிக்கொள்ள நினைக்கிற விதவை, வளர்ந்த ஒரே மகன். பெண் கேட்டு ஆட்கள் வருகிறார்கள், அந்த ஊர் வழக்கப்படி உள்ளே அவள் காபி கலக்குகிறாள். வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு மகன் வழியை மறித்து நிற்கிறான்.

"அவன் பண்றது கரெக்ட்" என்றான் அஜ்மல். "அம்மாவ யார் கையிலயாவது தூக்கிக் குடுத்துடுவாங்களா? அப்பிடி என்ன தலையெழுத்து அந்தம்மாவுக்கு?"

மிஸ்ரியா தமிழில் சொல்வதை நிறுத்திவிட்டாள். மஹ்பூபாவுக்கு இனிமேல் எந்த ஊர்ப் படமும் தனக்காகப் பேசப் போவதில்லை என்று தெரிந்துபோயிற்று.

"படத்த நிறுத்தும்மா மிஸ்ரியா" என்றாள்.

படம் நின்றது. திரையில் அந்த மகன் வாசலை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"அஜ்மல், சட்டைய எடுக்காத. ஒக்காரு. நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன். காடாம்புலியூர் மொய்னுதீன். என் கடைக்கு வந்துக்கினு இருந்தவருதான், நல்ல மனுஷன். ஞாயித்துக்கிழமை அவங்க அக்கா பேசறதுக்கு வர்றாங்க."

அஜ்மல் டியூப்லைட் மாட்டிய மூலையைப் பார்த்தான்.

"நாங்க என்னம்மா கொற வெச்சோம்? லைட் போட்டேன். கெட்டில் வாங்கினேன். முட்டிக்கு வாங்கினேன். வழுக்கக் கூடாதுன்னு பாத்ரூம்ல விரிப்பு போட்டேன். இன்னும் என்ன வேணும்னு சொன்னா செய்ய மாட்டனா?"

அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. ஆனாலும் சொல்ல வந்ததை விடுவதாக இல்லை.

"நீ மிஸ்ரியாவக் கட்டிக்கினு வந்தியே, அப்ப நான் ஒனக்கு என்னடா கொற வெச்சிருந்தேன்? வேளைக்குச் சோறு போடலியா? ஒன் யூனிஃபார்ம தொவச்சுப் போடலியா? ஷிஃப்ட் முடிஞ்சு நீ வர்ற வரைக்கும் முழிச்சுக்கினு ஒக்காந்திருக்கலியா? கொற இருக்குன்னா நீ கட்டின? பிடிச்சிருந்துது, கட்டின. எனக்கும் பிடிச்சிருக்கு."

அஜ்மல் மிஸ்ரியாவைப் பார்த்தான். மிஸ்ரியா தரையைப் பார்த்தாள். அவன் எழுந்து சட்டையை மாட்டினான்.

"இன்னிக்கு ஒங்களுக்கு ஆஃபுங்க" என்றாள் மிஸ்ரியா.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. சாப்பிட்டான், டூட்டிக்குப் போனான், வந்தான், தூங்கினான். மஹ்பூபாவுக்கு வலித்தது. இருபது வயதில் தாய்வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளில்கூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை. ஆனால் வலிக்கிறது என்பதற்காக விட்டுவிட முடியுமா என்ன? மொய்னுதீனுக்குப் போன் போட்டாள்.

"அக்காவ வரச் சொல்லுங்க."

"தம்பி என்ன சொன்னாருங்க?"

"சொல்ல வேண்டியத நான் சொல்லிட்டேன். அவங்க வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அஜ்மலுக்கு ஏ ஷிஃப்ட். விடிவதற்கு முன்பே போய்விட்டான். வருகிறவர்கள் பதினொரு மணிக்கு வருவார்கள், அவன் திரும்ப இரண்டு மணிக்கு மேல் ஆகிவிடும். மகன் இல்லாத வீட்டில் தானே உட்கார்ந்து தன் கல்யாணத்தைப் பேசுவது என்று மஹ்பூபா தயாராகிவிட்டாள். நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டாள். மிஸ்ரியா சேமியா கிண்டினாள்.

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. கூடவே பைக் சத்தமும் கேட்டது. மஹ்பூபா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பாதி டூட்டியில் பர்மிஷன் போட்டுவிட்டு அஜ்மல் வந்திருந்தான். கால்சட்டையெல்லாம் நிலக்கரி கறுப்பு. வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு, நிலையின் இரண்டு பக்கமும் கையை வைத்து நின்றான். அந்தத் துருக்கிக்காரன் நின்ற மாதிரியே இருந்தது. மறித்தால் மறிக்கட்டும், அவனைத் தள்ளிவிட்டுப் போய் நானே உள்ளே கூப்பிடுவேன் என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

அஜ்மல் குனிந்தான். வாசற்படியில், வந்தவர்கள் ஆட்டோவிலிருந்து இறக்கி வைத்த பெரிய பலாப்பழம் இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, "வாங்க, உள்ள வாங்க" என்று ஒதுங்கி வழிவிட்டான்.

மொய்னுதீனின் அக்கா, அறுபத்தைந்து வயதிலும் கணீரென்ற குரலில் ஸலாம் சொல்லி உள்ளே வந்து உட்கார்ந்தார். குடும்பம், தோப்பு, தம்பியின் குணம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அஜ்மல் தலையைக் குனிந்தே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"ஒங்க வூட்டுல பாத்ரூம் எப்பிடிங்க?"

அந்த அம்மாளுக்குப் புரியவில்லை. "பின்னால இருக்குதுப்பா. ஏன்?"

"வெஸ்டர்ன் டாய்லெட்டா?"

"இல்லப்பா. குந்தறதுதான்."

"எங்க அம்மாவுக்கு முட்டி வலிங்க. குந்தினா எழுந்திருக்க முடியாது." அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். நிலக்கரியும் கண்ணீரும் சேர்ந்து கன்னமெல்லாம் ஈஷிக்கொண்டது. "நான் வந்து பாக்கறேன். டாய்லெட்ட மாத்தணும். செவுத்துல பிடிச்சுக்கக் கம்பி மாட்டணும். அம்மா ஓதற எடத்துல லைட் வேணும். அதெல்லாம் நானே செஞ்சு குடுத்துடறேன். செஞ்சு முடிச்சப்பறம் தேதி வெச்சுக்கலாம்."

மஹ்பூபா டீ தட்டோடு கூடத்துக்கு வந்தாள். முதல் டம்ளரை மகனிடம் நீட்டினாள்.

"தேதிய மொதல்ல வெய்யி" என்றாள். "கம்பிய நீ அப்பறம் வந்து மாட்டு. நான் அங்கதான் இருப்பேன்."