வெண்ணெய் தீர்ந்துபோன பாத்திரம்

வரப்போகும் மருமகள் முதன்முதலாக வீட்டுக்கு வந்த அன்று ஏழு பாத்திரம் நிறையச் சமைத்தேன். ஒரு படைக்கே பரிமாறலாம். அவள் வீகன் என்று மகன் சொல்லியிருந்தான். சைவத்துக்குப் புதுப்பெயர் போலிருக்கிறது என்று வெண்ணெயை ஆறாக ஓடவிட்டேன்.

"மாமா, இதுல பால், வெண்ணெய் ஏதாவது இருக்கா?"

"இல்லாம எப்படிம்மா ருசிக்கும்?"

அவள் தயங்கினாள். "வெஜிடேரியன்னா பால், தேன் எல்லாம் சாப்பிடலாம் மாமா. வீகன்னா மிருகத்துகிட்டேருந்து வர்ற எதுவுமே வேண்டாம். தோல் செருப்புகூட."

"அப்ப டாக்டர் எனக்குச் சொன்ன பிளான்ட் பேஸ்டு சாப்பாடு?"

"அது உடம்புக்காக, பெரும்பாலும் காய், பயறுன்னு சாப்பிடுறது. எப்பவாவது துளி வெண்ணெய் பரவாயில்ல. இவ்வளவா?"

முதல் நாளே அவளைப் பட்டினி போடப்போகிறேனே என்று பாத்திரங்களின் பக்கம் குனிந்தேன். முப்பது வருடம் கிடங்கு பார்த்தவன் நான். எதிலும் சீட்டு ஒட்டாமல் கை சும்மா இருக்காது. பாத்திரங்களில் ஒட்டியிருந்த சீட்டுகளை வரிசையாகப் படித்தேன். எல்லாம் பால், தேன், வெண்ணெய். ஏழாவதில் மட்டும், 'உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு. வெண்ணெய் தீர்ந்துவிட்டது.'

அதை அவள் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தீர்ந்துபோன வெண்ணெய்க்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

"அடுத்த வாரம் நான் சமைக்கிறேன் மாமா. நீங்க சீட்டு மட்டும் ஒட்டுங்க."