பெயருக்கு முன்னால்

"பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுடலாமாம்மா?" என்று ராஜேந்திரன் கேட்டபோது, வாணி அண்ணனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை இறுக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டியது வண்டியில் வருவதற்குள் நெகிழ்ந்துவிட்டிருந்தது.

ராஜேந்திரன், தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் பக்கத்து லைன் வீட்டுக்காரர். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவளிடம் கேட்டதற்கு அப்பா பதில் சொன்னார்.

"போடு. வைவா ஒண்ணுதானே பாக்கி" என்றார் தசரதன்.

வாணி இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

அண்ணன் ராஜ்குமாருக்கு முப்பத்தெட்டு வயது. நேற்றுக் காலை மாரிகுப்பத்தில் ரயில் ஏறியவன், பங்காரப்பேட்டை தாண்டியதும் உட்கார்ந்தபடியே ஜன்னலில் சாய்ந்துவிட்டான். தூங்குகிறான் என்று எதிரில் இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். ஒயிட்ஃபீல்டில் ஒருவர் தோளைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பதினோரு வருடமாக அந்த வண்டியில்தான் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்தான். அவனுடைய டாக்டர் பட்ட ஆராய்ச்சியே அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாறுதான். பழைய கல்லூரி ஒன்றின் இரண்டு அறைகளில் அது தொடங்கியது, ஊருக்கு வெளியே தரிசு நிலத்துக்குக் குடிபோனது, எந்த வருடம் எந்தத் துறை வந்தது என்று அழுக்கேறிய தாள்களில் தேடித் தேடி எழுதினான். சுரங்கம் மூடிய பிறகு தசரதன் கூலி வேலைக்குப் போனதும் அங்கேதான். நூலகத்தின் மூன்றாவது மாடிக்குக் கம்பி கட்டியவர்களில் அவரும் ஒருவர். தான் கட்டிய மாடியில் மகன் உட்கார்ந்து எழுதுகிறான் என்று நந்திதுர்க் குடியிருப்பில் அவர் சொல்லாத ஆளில்லை.

பிறகு பல்கலைக்கழகத்தை இரண்டாகப் பிரித்தார்கள். கல்லூரிகளைப் பங்கு போட்டார்கள். ஊழியர்களை, பீரோக்களை, மேசை நாற்காலிகளை. ராஜ்குமாரின் ஃபைல் எந்தப் பக்கம் போனது என்று கேட்டால் இரண்டு அலுவலகமும் மற்றதைக் கை காட்டின. அதற்குள் வழிகாட்டியான பேராசிரியை ஓய்வு பெற்றுவிட்டார். ஃபைல் கிடைத்தபோது காலக்கெடு முடிந்திருந்தது. போன தை மாதம், பதிவு ரத்து என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது.

வாணியிடம் மட்டும் காட்டினான். அப்பாவிடம் சொல்லாதே என்றான். சுரங்கத் தூசியில் அவருக்கு ஏற்கெனவே பாதி மூச்சுதான். அவள் சொல்லவில்லை. மறுநாளும் அவன் விடிவதற்கு முன் எழுந்து குளித்து அதே வண்டியைப் பிடித்தான். பகலெல்லாம் எங்கே இருக்கிறாய் என்று அவள் ஒரு முறை கேட்டாள். ஸ்டேஷனில் என்றான். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. டிபன் பாக்ஸ் மட்டும் கட்டிக் கொடுத்தாள்.

வெளியே ராஜேந்திரன் ஸ்கூட்டரை உதைத்தார். வாணி எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

"மாமா, டாக்டர் வேணாம். வெறும் பேரே போடுங்க."

அவர் அவளுக்குப் பின்னால் பார்த்தார். தசரதன் சுவரைப் பிடித்தபடி வந்து நின்றிருந்தார். ராஜேந்திரனைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, மகளை வீட்டுப் பின்புறம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எதுப்பா?"

"அந்த லெட்டரு."

அவன் சட்டையைத் துவைக்கப் போட்டபோது பையில் இருந்ததாம். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்தபடியே திரும்ப வைத்துவிட்டாராம். மாசி மாதத்திலேயே.

"தெரிஞ்சிக்கினே டாக்டர்னு போடச் சொன்னியா?"

"உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேம்மா. நீயாவது அப்படியே நெனச்சிக்கினு இருந்துட்டுப் போயேன்னு."

வீட்டுக்குள்ளிருந்து யாரோ பெண்கள் புதிதாக வந்து அழும் சத்தம் கேட்டது. தசரதன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"தெனம் டீ போட்டுக் குடுத்தேன். பாத்துப் போய்ட்டு வாடான்னு சொன்னேன். போவாதடா, வூட்லயே இருடான்னு ஒரு வார்த்தை..."

இருமல் வந்துவிட்டது. வாணி அவர் முதுகைத் தடவினாள். பிறகு போய், வெறும் பேர்தான் என்று ராஜேந்திரனிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பினார்கள். வாணி திரும்பவில்லை, அவளை யாரும் தடுக்கவும் இல்லை.

இடுகாட்டில் குழி மூன்றரை அடியில் பாறை தட்டி நின்றிருந்தது. இதற்கு மேல் இறங்காது, இது போதும் என்றார்கள் வெட்டியவர்கள். தசரதன் எட்டிப் பார்த்தார். போதாது என்றார். சட்டையைக் கழற்றி வாணியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு பேரின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். குனிந்து, உள்ளங்கையால் பாறையை மெதுவாகத் தடவிப் பார்த்தார். விரிசல் ஓடிய ஒரு இடத்தில் கை நின்றது. கடப்பாரையைக் கேட்டார். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு யாரோ கொடுத்தார்கள்.

பாடையை இறக்கி வைத்துவிட்டு எல்லாரும் காத்திருந்தார்கள். மேலே நின்றவர்களுக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு அடி விழுந்தது. நீளமாக இருமினார். அப்புறம் இன்னொரு அடி.