எலும்பில் ஒரு பிரெஞ்சுக் கப்பல்

என் அத்தான் ஸ்ரீஸ்கந்தராஜா மாட்டெலும்பில் ஒரு போர்க்கப்பல் செய்துகொண்டிருந்தது என் அக்காவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த வீட்டில் கப்பல் இருந்திருக்கும் அல்லது அத்தான் இருந்திருப்பார். இரண்டும் சேர்ந்து இருக்க வழியே இல்லை.

அக்கா கனகாம்பிகை மச்சம் தொடுவதில்லை. பிறந்ததிலிருந்தே சைவச் சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். சின்ன வயதில் கணவாய்க் கறிக்காகச் சட்டியைப் பிடித்து இழுத்து என்னோடு சண்டை போட்டவள் அவள். 2009க்குப் பிறகுதான் நேர்த்தி வைத்தாள். மகன் ஆரணன் திரும்பி வரும்வரை மீன், இறைச்சி, முட்டை எதுவும் அவளுடைய தோர்ண்டன் ஹீத் வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூடாது. தாண்டவும் இல்லை. லண்டனில் மினிகாப் வாடகைக் கார் ஓடுகிற நான் வழியில் இறைச்சிக் கொத்துரொட்டி சாப்பிட்டிருந்தால் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் அங்கே உள்ளே போவேன்.

ஆரணன் வரமாட்டான் என்பது அத்தானுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

2009 சண்டையில், புதுமாத்தளன் கடற்கரையில் அக்காவின் காலில் செல் குண்டின் துண்டு பட்டது. காயக்காரரை ஏற்ற வந்த கப்பலுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பிள்ளையையும் கூட அனுப்ப ஏலுமா என்று அத்தான் கெஞ்சியிருக்கிறார். பதினாறு வயதுப் பெடியன், உடம்பில் ஒரு கீறல் இல்லை, இடமில்லை என்றுவிட்டார்கள். பின்னால் வருகிறோம் என்று தகப்பனும் மகனும் கரையில் நின்று கை காட்டினார்கள். மே மாதத்தில் அவர்களுடைய பங்கர்க் குழியை ஒட்டி ஒரு செல் விழுந்தது. அத்தான் தன் இரண்டு கையாலும் மணலைக் கிண்டி மகனைப் புதைத்துவிட்டு, சனத்தோடு சனமாக நடந்து, செட்டிகுளம் முகாமில் முட்கம்பிக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார்.

அக்காவைத் திரும்பக் கண்டபோது, சனத்துக்குள் தவறவிட்டுவிட்டேன் என்று சொன்னார். அந்த நேரத்தில் அவருடைய வாயில் வந்தது அதுதான். பிறகு லண்டனுக்கு வந்து சேர்ந்தபின் எத்தனையோ தரம் உண்மையைச் சொல்லப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமினாலே அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். ஒருமுறை மட்டும் நின்று திரும்பிப் பார்த்து, "கண்ணால காட்டுங்கோ, நம்புறன்" என்றாள். கண்ணால் காட்ட அவரிடம் என்ன இருக்கிறது? அதனால் செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் வாங்கிய சேர்ட்டுகள் விலைத்துண்டு கழற்றாமல் அலுமாரியில் தொங்கின. அந்த அலுமாரியைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வரும். யாரில் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கப்பல் கதை என்னால் தொடங்கியது. ஓட்டம் இல்லாத ஒரு நாள், மனிதன் வீட்டுக்குள் கிடந்து பூஞ்சணம் பிடிக்கிறாரே என்று அவரை கிரீனிச் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் முழுக்க எலும்பாலான ஒரு கப்பல் இருந்தது. நெப்போலியன் காலத்துச் சண்டையில் பிடிபட்ட பிரெஞ்சு மாலுமிகளை இங்கிலிஷ்காரர் வருடக்கணக்காக அடைத்து வைத்திருந்தார்களாம். பாய்மரம் கழற்றிய பழைய கப்பல்களே சிறை. பிடிபட்ட பிரெஞ்சுக் கப்பல்கள் சிலவும் அப்படிச் சிறையாகின. தாங்கள் ஓட்டி வந்த மாதிரிக் கப்பலுக்குள்ளேயே மனிதர் கைதியாகக் கிடந்தார்கள். சாப்பாட்டில் வருகிற இறைச்சித் துண்டின் எலும்பைச் சூப்பிவிட்டு, கழுவி, சீவி, இழந்த கப்பல்களைச் சின்னதாகத் திருப்பிக் கட்டினார்கள். வாங்குகிறவன் இங்கிலிஷ்காரன் என்பதால் பலர் அதில் இங்கிலிஷ் பெயரைப் பொறித்துக் கொடுத்தார்களாம்.

மியூசியம் பூட்டும்வரைக்கும் அத்தான் அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றார். திரும்பி வரும்போது காரில் வாய் திறந்தார்.

"அவங்களுக்கும் கம்பி, எனக்கும் கம்பி. நான் உள்ளுக்க இருந்து இலையான் கலைச்சதைத் தவிர ஒண்டும் செய்யேல்லை, பாலேந்திரா."

அடுத்த கிழமையே தொடங்கிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் இருந்தது. கதிரை திருத்துகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஆட்டெலும்பு மெலிசு, பலகை கிழிக்கப் போதாது என்று இறைச்சிக் கடையில் மாட்டின் கால் எலும்பாகப் பார்த்து வாங்கினார். நேர்த்தி வைத்த வீட்டில் மாட்டெலும்பு! அக்கா கோயிலுக்குப் போன நேரங்களில் அவித்து, கொழுப்புப் போக ஊறவைத்து, வெளுக்கப் பண்ணினார். இரும்புச் சட்டியிலோ தகரத்திலோ ஊறவைத்தால் எலும்பில் கறை பிடிக்கும் என்று பொங்கலுக்கு விற்கிற மண்பானை ஒன்று வாங்கி வைத்திருந்தார். வெளுத்துக் காய்ந்த துண்டுகளைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து அதே பானைக்குள் வைத்து, தூசி படாமல் வாயையும் வெள்ளைத் துணியால் கட்டிவிடுவார்.

அது இரண்டு தட்டுப் பீரங்கி உள்ள பிரெஞ்சுக் கப்பல். எழுபத்துநாலு பீரங்கி. ஒவ்வொரு பீரங்கிக்கும் பக்கப் பலகையில் ஒரு ஓட்டை. அவ்வளவையும் கையால் சுற்றுகிற சின்னத் துளைப்பானால் துளைத்தார். கயிறுகளுக்கு அக்காவின் சீப்பில் சிக்கிய நரைமயிர். பெயர் பொறிக்கவில்லை. செய்வதுதான் செய்கிறீர்கள், ஏன் சண்டைக் கப்பல், எங்களுடைய வத்தைத் தோணி ஒன்று செய்யலாமே என்று நான் பகிடியாகக் கேட்டேன். பீரங்கி உள்ள கப்பல் வந்து கேட்டால் பிள்ளைக்கு இடமில்லை என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள் என்றார். அதற்குப் பிறகு நான் பகிடி விடுவதை விட்டுவிட்டேன்.

போன கார்த்திகையில் வீட்டு ஹீற்றிங் பழுதாய்ப் போனது. அத்தான் டொக்டரிடம் போயிருந்தார், அன்றைக்கென்று ஷெட்டைப் பூட்ட மறந்துவிட்டார். சின்ன ஹீற்றர் ஒன்று எங்கேயோ கிடந்ததே என்று அக்கா தேடிக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள்.

கப்பல் உயரச் சுவர்த்தட்டில், பழைய கேர்ட்டினால் மூடிக் கிடந்தது. அது அவளுடைய கண்ணில் படவில்லை. அவள் கண்டது வாயில் வெள்ளைத் துணி கட்டிய ஒரு மண்பானை. அவிழ்த்தால் உள்ளே வேட்டித் துண்டு, அதற்குள் வெள்ளை வெளேரென்று சின்னச் சின்ன எலும்புகள். எங்கள் சனத்துக்கு அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. அத்தான் ஊரில் காணி அலுவலாக 2017இல் ஒருமுறை தனியாகப் போய் வந்தவர். மிச்சத்தை அவளே கூட்டிக் கணக்குப் பார்த்துவிட்டாள். புதைத்த இடம் இவருக்குத் தெரிந்திருக்கிறது. கிண்டி எடுத்து வந்திருக்கிறார். தனக்குக் காட்டப் பயந்து இவ்வளவு காலமும் இங்கே ஒளித்து வைத்திருக்கிறார்.

எனக்குப் போன் வந்தது. "வா" என்று மட்டும் சொன்னாள். நான் போய்ச் சேர, அத்தானும் பஸ்ஸால் இறங்கி வந்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் பின்பக்கம் போனோம். அக்கா ஷெட் வாசலில், மழைத் தூறலில், பானையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அழவில்லை. அத்தானை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்த முறை போனபோது கொண்டு வந்தனீங்களோ?"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும், இல்லை அக்கா, அது மாட்டெலும்பு என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அத்தான் என் கையைப் பிடித்து நெரித்தார். அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு வருடத்தில் முதல்முறையாக அவள் எழும்பிக் குசினிக்குள் போகாமல் அவருடைய பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"ஓம்" என்றார் அத்தான்.

அப்போதுதான் அக்கா அழுதாள். பானையைக் கட்டிப்பிடித்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒப்பாரி வைத்து அழுதாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி யன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நான் செத்தவீடுகள் நிறையக் கண்டவன். அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. பின்னேரம் முகம் கழுவிவிட்டு வந்து, ஐயரைக் கேட்டு நாள் பார்க்கச் சொன்னாள். சாமி அறைக்கு முன்னால் பானையை வைத்து விளக்கேற்றினாள். பிறகுதான் கேட்டாள், இவ்வளவுதானா, மிச்சம் எங்கே என்று. பதினாறு வயதுப் பிள்ளை இந்த ஒரு பிடிக்குள்ளா அடங்குவான்?

இருக்கிறது, நாளைக்கு எடுத்துத் தருகிறேன் என்றார் அத்தான்.

மறுநாள் காலை அக்கா கோயிலுக்குப் போனதும் அவர் கேர்ட்டினை விலக்கிக் கப்பலை மேசையில் இறக்கி வைத்தார். மூன்று பாய்மரத்தில் இரண்டு நட்டாகிவிட்டது. கப்பலின் முகப்பில், முன்னணியத்தில் ஒரு பெண்ணுருவம், என் பெருவிரல் நகத்தளவு. நான் கத்தத் தொடங்கினேன். இது பாவம், மாட்டெலும்பைக் கொண்டுபோய் அவளைக் கும்பிட வைக்கிறீர்கள், ஐயரை மந்திரம் சொல்ல வைக்கிறீர்கள், நாளைக்கு அவளுக்குத் தெரிந்தால் உயிரோடு இருக்கமாட்டாள் என்றேன். அவர் சின்னக் குறட்டால் கயிறுகளை வெட்டி, நரைமயிரை ஒன்றொன்றாகப் பொறுக்கிப் புறம்பாக வைத்தார்.

"அவள் அழுதிட்டாளடா" என்றார். "நீ பாத்தனிதானே. அழுதிட்டாள்."

பிறகு பாய்மரங்களைப் பிடுங்கினார். பக்கப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஊசியாணிகளை உருவினார். வருடக்கணக்கில் கட்டிய கப்பல் மத்தியானத்துக்குள் ஒரு குவியல் எலும்பாய்ப் போனது. பெண்ணுருவத்தை மட்டும் சுத்தியலால் தட்டி நொறுக்கினார். அது எலும்பு மாதிரி இல்லை, பெண்ணாகவே இருந்தது. எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, வெளியே வந்து நின்றேன்.

அக்கா திரும்பி வந்து, தலைக்குத் தோய்ந்து, சாமி அறைக்கு முன்னால் வாழையிலை விரித்தாள். பாலும் தண்ணீரும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாகக் கழுவினாள். நீளமானதைக் கால் என்று கீழே வைத்தாள், வளைந்ததை விலா என்று நடுவில் வைத்தாள். கப்பலின் வயிற்றுக்கு என்று அத்தான் வளைத்துச் சீவிய சட்டங்கள் அவை. அத்தான் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார்.

பக்கப் பலகைத் துண்டொன்று அவள் கையில் வந்தது. கழுவிக்கொண்டு போன விரல் நின்றது. யன்னல் வெளிச்சத்துக்கு நேரே அதைப் பிடித்துப் பார்த்தாள். வரிசையாக ஓட்டைகள். இன்னொரு துண்டை எடுத்தாள். அதிலும் ஓட்டைகள். எழுபத்துநாலும் அந்த இலையில் கிடந்தன.

"இவ்வளவு ஓட்டையோ என்ரை பிள்ளைக்கு?" என்று கேட்டாள்.

அத்தான் ஒரு சத்தம் போட்டார், அது அழுகையில்லை. நாலு காலில் தவழ்ந்து வந்து அவளுடைய கையைப் பிடித்தார்.

"இல்லை கனகம். இல்லையடி. ஒண்டுதான். நெஞ்சில, இந்த இடத்தில, ஒரேயொரு துண்டு. நான் மடியிலதான் வைச்சிருந்தனான். நோகேல்லை. அப்பா எண்டு கூடக் கூப்பிடேல்லை, அதுக்குள்ள உயிர் போட்டுது. மணலைக் கிண்டி, உன்ரை நீலச் சீலையாலை சுத்தித்தான் தாட்டனான். ஒண்டே ஒண்டுதான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அவளுடைய கையில் ஓட்டை ஓட்டையாய் அந்தப் பலகை. அக்கா அவரைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். தலையைத் திருப்பி, திறந்து கிடந்த பின்கதவால் ஷெட்டையும், மேசையில் நாங்கள் மறந்துவிட்டு வந்த அந்தச் சின்னத் துளைப்பானையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அதில் ஐயமே இல்லை.

இப்போது எறியப்போகிறாள், இலையோடு தூக்கி அவருடைய முகத்தில் எறியப்போகிறாள் என்று நினைத்தேன்.

அக்கா செம்பை எடுத்து அந்தப் பலகைத் துண்டின்மேல் பால் ஊற்றினாள். சீலைத் தலைப்பால் துடைத்தாள். விலாவுக்குப் பக்கத்தில், நெஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் வைத்தாள்.

"அவன்தான்" என்றாள். "நான் பெத்தனான், எனக்குத் தெரியும். அவன்தான்."

எலும்பைக் கடலில் கரைக்கச் சவுத்எண்டுக்கு நான்தான் கார் ஓட்டினேன். கடல் ஏறியிருந்த நேரம். ஐயர் குளிரில் நடுங்கியபடி மந்திரம் சொன்னார். அக்கரையில் மெட்வே ஆறு வந்து விழுகிற பக்கம் புகாராகத் தெரிந்தது. அந்தப் பிரெஞ்சு மாலுமிகளை அடைத்து வைத்திருந்த கப்பல்கள் அங்கேதான் நின்றனவாம். அத்தான் முழங்காலளவு தண்ணீரில் இறங்கிப் பானையைக் கவிழ்த்தார். மரம் என்றால் மிதந்திருக்கும். எலும்பு நேரே அடிக்குத் தாண்டுபோனது. அக்கா கரையில் நின்று, கப்பலில் ஏறப்போகிறவனுக்குக் காட்டுவதுபோலக் கை காட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியில், தோர்ண்டன் ஹீத் கடைத் தெருவுக்குள் திரும்பியதும் பின்சீட்டிலிருந்து அக்கா காரை நிற்பாட்டச் சொன்னாள். எங்கள் ஆட்களின் மீன் கடை இன்னும் திறந்திருந்தது.

"கணவாய் இருந்தால் வாங்கிக்கொண்டு வா" என்றாள். "பிள்ளை வந்திட்டான்தானே."