கட்லாத் தாய், ரோகுத் தாய்

1.

இந்தக் கதையை நான் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஒட்டுக்கேட்டேன். முன் சீட்டில் தேவமணி என்ற பெண், மீன்கள் மூச்சுத் திணறிய ஒரு விடியலைப் பற்றித் தோழியிடம் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு வந்தாள். காதில் விழாததை நான் இட்டு நிரப்பினேன்.

‘1968 மே மாதத்தில் அணைநீர் உருக்கிய வெள்ளிபோல...’ என்று ஆரம்பித்தேன். வேண்டாம். அது கலங்கிய நீர்.

2.

அணைக்குப் பக்கத்து மீன் பண்ணையில் தேவமணியும் அற்புதராஜும் ஆய்வு உதவியாளர்கள். கட்லாவையும் ரோகுவையும் கலந்து குஞ்சு வளர்த்தார்கள். ஒரு குளத்துக் குஞ்சுகளுக்குத் தாய் கட்லா, தகப்பன் ரோகு. அடுத்த குளத்தில் நேர்மாறு. பிராணவாயு குறைந்தால் எவை தாங்கும்? தாயைப் பொறுத்தது என்றாள் அவள். நீரின் சூடுதான் எல்லாம், பெற்றவர்கள் யாராயிருந்தால் என்ன என்றான் அவன்.

மூடிய ஜாடிகளில் விட்டுப் பார்த்தார்கள். குளிர்ந்த நீரில் இரண்டு வகையும் ஒன்றுபோல் நீந்தின. அவன் சிரித்தான். நீரைச் சூடாக்கியதும் ரோகுத் தாயின் குஞ்சுகள் முதலில் கவிழ்ந்தன. அவள் சிரித்தாள்.

[இது என் கதையில் வரும் முடிவு. இதை நம்பி யாரும் குளம் வெட்ட வேண்டாம்.]

3.

முதலில் அற்புதராஜைக் கர்வக்காரனாக எழுதியிருந்தேன். பஸ்ஸில் அவன் பெயரை அவள் சொன்ன விதத்துக்கு அது ஒட்டவில்லை, அடித்துவிட்டேன். இருவருக்கும் கல்யாண ஆசை இருந்தது. அவன் ஆர்.சி. கத்தோலிக்கன், அவள் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட். இரண்டு வீட்டிலும் மறுத்துவிட்டார்கள். பெற்றவர்களை மீற அவளுக்கு மனம் வரவில்லை.

4.

ஒரு ஞாயிறு, விடியும் முன்பே புழுக்கம். இரண்டு குளத்திலும் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. புதுநீர் இறைக்க இருந்தது ஒரே பம்பு. எந்தக் குளத்துக்கு விடுவது என்று காவலாளி கோவிந்தப்பன் கேட்டார்.

அற்புதராஜ் தயங்கவில்லை. “ரோகுத் தாய் குளத்துக்கு விடுங்கண்ணா. அதுங்கதான் தாங்காது. தேவமணி சொன்னது சரி.”

அவளோ சேலையைச் செருகிக்கொண்டு மற்றக் குளத்தில் இறங்கியிருந்தாள். “தண்ணி சூடாயிருக்குது. இதுங்களும் ரொம்ப நேரம் தாங்காது. நீங்க சொன்னதும் சரிதான், இறங்குங்க.”

காற்று கலக்கட்டும் என்று இருவரும் மூங்கிலால் நீரை அடித்தார்கள். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த தேவமணியின் அப்பா மைக்கேல்ராஜ் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார். வேறு கோயிலுக்குப் போகவிருந்த அற்புதராஜின் அம்மா பவுலினாவும் இறங்கினார்.

[இது தற்செயல். நானாக இருந்தால் இவ்வளவு துணியமாட்டேன். ஆனால் தேவமணி அப்படித்தான் சொன்னாள்.]

ஒரு கோயிலில் பூசையும் மற்றதில் ஆராதனையும் முடிந்திருக்கும். மூச்சு திரும்பிய மீன்கள் ஒவ்வொன்றாக அடியில் இறங்கின.

5.

மகள் நடுக்குளத்தில் நனைந்து நின்று சிரிப்பதை மைக்கேல்ராஜ் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கரையேறி, வேட்டியைப் பிழிந்தபடி அற்புதராஜின் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நாஷ்டா ஆச்சா?”

இதற்கு மேல் நான் எழுத மாட்டேன். அற்புதராஜ் என்ன பதில் சொன்னான், நால்வரும் யார் வீட்டு இட்லியைச் சாப்பிட்டார்கள், பிறகு எந்தக் கோயிலில் கல்யாண மணி அடித்தது என்பதெல்லாம் உங்கள் பாடு.