தோளைத் துளைத்த கூந்தல்

விடியற்காலை ஐந்து மணி. இயந்திர அறையின் குளிரில் என் விரல்கள் மரத்திருந்தன. நூற்றிருபது கணினிகள் ஓர் இளவரசியின் கூந்தலைப் படமாக்கிக்கொண்டிருந்தன. சூடேறியவற்றைத் தொட்டுப் பார்த்து அணைப்பது என் வேலை. மாடியில் என் மகள் முந்தின நாளிலிருந்து நாற்காலியை விட்டு எழவில்லை. முந்நூறு முடிகளை அவள் கையால் வளைப்பாள். மற்ற லட்சம் முடிகளும் அவற்றைப் பின்பற்றி வளையும். காற்றில் அவை எப்படி அலையும் என்று கணினி கணக்கிடும்.

ஏற்கெனவே நாங்கள் அனுப்பியிருந்த ஒரு காட்சியில் கூந்தல் இளவரசியின் தோளைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. படம் வாங்குகிறவர்கள் பார்த்துவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு நான் மாடியில் மகளருகே இருந்தபோது முதலாளி வந்தார்.

"கணினியில அந்தக் கோப்பைக் கடைசியா சேமிச்ச பேரு இந்தப் பொண்ணோடது. தப்பு என்னுதுன்னு எழுதிக் கொடுக்கட்டும். இல்லன்னா சாயங்காலம் கிளம்பட்டும்."

"கணக்கீட்டைப் பாதியா குறைக்கச் சொன்னது நீங்க சார்," என்றாள் மகள். "பாதியாக்கினா, தோள்னு ஒண்ணு இருக்கறதே முடிக்குத் தெரியாது."

"நான் சொன்னதுக்கு எழுத்து இருக்காம்மா?"

இல்லை. அவர் எதையும் வாயால்தான் சொல்வார்.

செய்யாத தப்புக்கு எங்கள் குடும்பத்தில் யாரும் தலைகுனிந்ததில்லை. பிறரிடம் ஆதரவு கேட்டு நின்றதுமில்லை.

"பையை எடு, போகலாம்," என்றேன். "நம்ம மானம் நம்மோட இருக்கட்டும்."

"நான் போனா நாளைக்கு இன்னொருத்தர் பேரு வரும்ப்பா." குரலில் கோபம்கூட இல்லை.

படத்தில் வரும் கதாபாத்திரங்களுக்குத் தாடி மீசை வைக்கிறவனை எல்லோரும் ‘மீசை’ என்பார்கள். அவனுக்கு மீசை கிடையாது. அவன் அந்தக் கோப்பைத் திறந்தான். ஒரே ஒரு முடியை நகர்த்திச் சேமித்தான்.

"பெரியவரே, இப்போ கடைசிப் பேரு என்னுது."

உடைகளுக்கு மடிப்பு வைக்கிறவள் வந்தாள். ஒரு முடி. ஒளி அமைக்கிறவர் வந்தார். ஒரு முடி. மாலைக்குள் பத்துப் பேர்.

முதலாளி திரும்பி வந்து பட்டியலைப் பார்த்தார்.

"எல்லாரையும் அனுப்ப எனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்," என்றான் மீசை. "அப்புறம் இளவரசிக்குத் தலையை நீங்கதான் வாரணும்."

யாரும் சிரிக்கவில்லை.

இயந்திரங்களைப் பார்க்க எனக்கும் என் பேரில் ஒரு கடவுச்சொல் உண்டு. மகளின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எதைத் தள்ளணும்?"

"காதோரம் ஒண்ணு இருக்கு பாருங்கப்பா. மெதுவா."

மரத்த விரலால் தள்ளினேன். சேமித்தேன். தோள் இன்னும் துளைபட்டேதான் இருந்தது. முதலாளி நின்றுகொண்டேயிருந்தார்.

அறையைப் பெருக்கும் அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"எனக்கு இதுல பேரு கிடையாது. பக்கத்துல நின்னுக்கறேன்," என்றாள்.

நான் சற்று நகர்ந்து இடம்விட்டேன்.